கண்ணாடித் தகட்டில் ஓர் அரக்கு இழை

நம் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்து, செய்தித்தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தாயிற்று. பக்கத்தில் இருப்பது மங்கலாகிக்கொண்டே வருகிறது. ஆனால் பதினொரு வயதில், ஒரே ஒரு கோடை விடுமுறையில் நான் பார்த்த சில பொருட்கள் இன்றைக்கும் எனக்கு அச்சடித்தாற்போல் தெரிகின்றன. அதில் ஒன்றை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மைசூரில் அக்ரஹாரத்துத் தெரு ஒன்றில் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான் என்று ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு பட்டுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வருகிற நூலையும் துணியையும் பார்த்து, இது பட்டா, பருத்தியா, கம்பளியா, கலப்படமா என்று எழுதிக் கொடுப்பார். அந்த வருஷம் அவர்கள் கட்டடத்தில் கூரை ஒழுக்கு அடைக்கிற வேலை நடந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்காக ஒரு பெட்டி நிறைய ஸ்லைடு தயார் செய்தாக வேண்டும். அதனால் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வழியில் குலுங்காமல் இருக்க என் பழைய பாவாடையைச் சுற்றியிருந்தார். அது வீட்டுக்குள் வந்தபோது ஏதோ குழந்தையைத் தூக்கி வருகிறார் என்றுதான் எதிர்வீட்டு அம்மாள் நினைத்திருக்கிறாள்.

மாடி அறை ஜன்னலோரம் அதை வைத்தார். அதற்கு விளக்கெல்லாம் கிடையாது. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, அதைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். வெயில் சரியாக விழுந்துவிட்டால் குழாய்க்குள் ஒரு வெள்ளை வட்டம் திடீரென்று திறக்கும். அந்த வட்டம் திறக்கிற நொடி இருக்கிறதே, அதற்காக நான் மாம்பழத்தைக்கூட பாதியில் வைத்துவிட்டு மாடியேறியிருக்கிறேன். அறை முழுக்கக் கிளிசரின் வாடையும் பழைய பித்தளை வாடையும். அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கிற வெந்த கூட்டுப்புழு வாடை தனி. அந்த வாடையோடு நேராகக் கூடத்துக்கு வரப் பெரியப்பா விடமாட்டார். கொல்லைப்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். புழுவைக் கொதிக்க வைத்து எடுத்த பட்டு மடி, சுத்தம்; அது கொதிக்கிற இடத்திலிருந்து வருகிற அப்பா விழுப்பு, தீட்டு. இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

“ஆத்துல என்னென்ன நூல் இருக்கோ எல்லாம் கொண்டு வா, பார்ப்போம்” என்றார் அப்பா. அவ்வளவுதான், நான் வீட்டைச் சூறையாட ஆரம்பித்தேன். விளக்குத் திரியிலிருந்து பஞ்சு, அம்மாவின் ஸ்வெட்டரிலிருந்து கம்பளி, கோணிப்பையிலிருந்து சணல், அப்பாவின் பேண்ட்டிலிருந்து பாலியெஸ்டர், என் சடையிலிருந்து ஒரு முடி. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் படம் வரைந்து வைத்தேன்.

பஞ்சு இழை உருண்டையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. பிழிந்து போட்ட ரிப்பன் மாதிரி தட்டையாக, அங்கங்கே முறுக்கிக்கொண்டு கிடந்தது. “செடியில இருக்கறச்சே உள்ளே ஜலம் இருக்கும். காய்ஞ்சதும் வத்திப் போய் இப்படி முறுக்கிக்கும்” என்றார் அப்பா. கம்பளி இழையின் மேலே செதில் செதிலாக இருக்கும் என்றார். எங்கள் வீட்டில் யாரும் மீனைக் கிட்டத்தில் பார்த்தது கிடையாது. அதனால் ஓட்டுக்கூரை மாதிரி என்று எழுதிக்கொண்டேன். அந்தச் செதில்தான் கம்பளி உடம்பில் குத்துவதற்குக் காரணமாம். பாலியெஸ்டர் கண்ணாடிக் கம்பி போல ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டைக் கடைசியாகத்தான் காட்டினார். கூட்டிலிருந்து வந்தபடியே இருக்கிற பட்டில் இரண்டு இழைகள் பசையால் ஒட்டிக்கொண்டு ஜோடியாக ஓடுகின்றன. சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பசை போனபின் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வழவழவென்று, மேலே ஒரு கோடு கீறல் இல்லாமல் நிற்கும். பிறகு ஒரு தக்கையில் ஊசியால் இழைகளைக் கோத்து, பிளேடால் மெல்லிய வில்லையாகச் சீவி அதை வைத்தார். இழையின் வெட்டுமுகம் தெரிந்தது. மூலை மழுங்கிய சின்னச் சின்ன முக்கோணங்கள். “அந்த முக்கோணத்துல வெளிச்சம் பட்டுத்தான் பட்டு மினுங்கறது” என்றார். சொல்லும்போது அவர் முகம் பெருமாள் சேவித்துவிட்டு வந்தவர் முகம் போல இருந்தது.

பெரியப்பாவிடம் அறுந்த பூணூல் ஒரு துண்டு கேட்டுவரச் சொன்னார். கேட்டேன்.

“பூணூலைக் கொண்டுபோய் பூதக்கண்ணாடில வெக்கறதாவது! உங்கப்பனுக்கு ஆபீஸ்ல வேற வேலையே இல்லையா?” என்று கூடமே அதிரக் கத்தினார். பெரியப்பா கல்லூரியில் சமஸ்கிருத ஆசிரியர். அவர் சாதாரணமாகப் பேசினாலே வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

இனிப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை இல்லை. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு தம்பி மட்டும்தான். அந்த மாமா கொள்ளேகாலில் ஒரு பட்டுக்கடையில் வருகிறவர்களுக்குப் புடவை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து துண்டை உதறிக் கீழே போட்டு உட்காரும்போதுகூடப் புடவை விரிக்கிற மாதிரியேதான் விரிப்பார். நான் சிரிப்பேன். “என்ன கலர் வேணும் மேடம்?” என்பார்.

எங்கள் வீட்டில் தளிகை, அதாவது சமையல், பெரியம்மாவின் பொறுப்பு. பெருமாளுக்குப் படைக்கிற தளிகை என்பதால் மடியாக இருந்துதான் பண்ண வேண்டும். பருத்திப் புடவை என்றால் தினமும் தோய்த்து, யார் கையும் படாத உயரக் கொடியில் உலர்த்தி, மறுநாள் குளித்ததும் கட்டிக்கொள்ள வேண்டும். பட்டுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, தினம் தோய்க்காமலே அது மடி. பெரியம்மாவுக்கு இழுப்பு உண்டு. மைசூர் மழைக்காலத்தில் பருத்திப் புடவை காயவே காயாது. ஈரத்தோடு கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். சமையலறையிலிருந்து அவள் மூச்சு வாசல் வரைக்கும் கேட்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மாமா நாலு வருஷத்துக்கு முன் ஒரு கௌரிப் பண்டிகைச் சீராக ஒன்பது கஜம் பட்டுப் புடவை கொண்டுவந்தார். அரக்கு நிறம், விரலகலத்தில் கடுகு நிறக் கரை.

“அக்கா, இனிமே ஈரத்துணியோட நிக்காதே. இது போறும்” என்றாராம். அதற்குப் பிறகு நாலு மழைக்காலம் பெரியம்மாவின் மூச்சுச் சத்தம் இல்லாமல் போயிற்று. தாத்தாவின் திவசத் தளிகைக்கும் அதையேதான் கட்டிக்கொண்டாள்.

அந்தப் புடவையில் ஒரு ரகசியம் இருந்தது. அது எனக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது. அந்தக் கோடைக்கு முந்தின மார்கழி மாதத்தில் எலி அதன் முந்தானைப் பக்கம் ஓர் ஓட்டை போட்டுவிட்டது. கிழிந்த துணியைக் கட்டிக்கொண்டு திவசம் பண்ணக் கூடாது, தைத்த துணியும் ஆகாது. என் பள்ளிக்கூடத் தையல் டப்பாவில் பூவேலைக்கு வாங்கிய பளபள நூல் எல்லா நிறத்திலும் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

“அரக்குல ஒரு இழை குடுடி. பட்டு நூல்தானே?”

“பட்டு நூல்தான் பெரியம்மா. கடைல அப்படித்தான் சொல்லிக் குடுத்தா.”

“அப்போ தோஷமில்லை. பட்டைப் பட்டாலதானே தைக்கறேன். யார்கிட்டயும் சொல்லிண்டு திரியாதே.”

எலி கடித்த இடம் தெரியாமல் குறுக்கும் நெடுக்குமாக இழை ஓட்டி அடைத்துவிட்டாள். அதைத் தைக்கிற நேரம் முழுக்க நான் வாசலில் காவல் இருந்தேன்.

என் நோட்டில் எல்லா நூலும் சேர்ந்தாயிற்று, பெரியம்மாவின் மடிப் புடவை மட்டும் இல்லை. அது சமையலறையை ஒட்டிய நடையில் உயரக் கொடியில் தொங்கும். அவள் தவிர யாரும் தொடக் கூடாது, அவளே ஒரு கோலால்தான் எடுப்பாள். ஒரு மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது முக்காலியைப் போட்டு ஏறினேன். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்கவில்லை. புடவையைப் பிய்த்துவிடுவோமோ என்று பயம். நல்ல வேளையாக ஓர் இழை கொஞ்சம் தூக்கலாக நின்றது. பிடித்து இழுத்தேன். சுலபமாக வந்துவிட்டது.

“எங்கேருந்துடி எடுத்தே?” என்றார் அப்பா.

“மடிக்கொடிக்குக் கீழே விழுந்து கிடந்தது.”

தொட்டேன் என்று சொன்னால் பெரியப்பா காதுக்குப் போகும், காதுக்குப் போனால் முதுகுத்தோல் உரியும். பதினொரு வயதுக்கு இது போதுமான காரணம்.

அப்பா ஸ்லைடில் வைத்துப் பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் திருப்பி வெயிலை மாற்றிப் பார்த்தார். பிறகு தக்கையில் கோத்து வில்லை சீவினார். “இங்க பாரு” என்றார். வழவழப்பாக இருக்க வேண்டிய இழையின் மேல் நீளவாக்கில் கோடு கோடாக ஓடியது. வெட்டுமுகத்தில் முக்கோணமே இல்லை. ஓரமெல்லாம் கொறித்து வைத்த மாதிரி இருந்தது.

“இது பட்டு இல்லை. செயற்கைப் பட்டு. மரத்தைக் கூழாக் கரைச்சு, அச்சுல முறுக்குப் பிழியறாப்புல பிழியறது.”

இதை அவர் அந்த அறையோடு விட்டிருக்கலாம். ஆனால் தான் கண்டுபிடித்ததை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் சாப்பிடும்போது, ஏதோ வேடிக்கை சொல்வது போல, “மன்னி, உங்க புடவை உங்களையே ஏமாத்திடுத்தே” என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டார். மன்னி என்று அவர் கூப்பிடுவது பெரியம்மாவை.

பெரியப்பாவின் கை சாத்தமுதுச் சாதத்திலேயே நின்றுவிட்டது. “இதைக் கட்டிண்டு எத்தனை திவசம் ஆச்சு?”

“நாலு” என்றாள் பெரியம்மா. கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நாலு வருஷமா எங்கப்பாவுக்கு ஒண்ணும் போய்ச் சேரலை. அப்படித்தானே?”

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “என் தம்பி அப்படிப் பண்ணமாட்டான்” என்றாள்.

“அவனுக்குத் தெரியாதா? பட்டுக்கடையிலேயே குப்பை கொட்டறவன், பட்டு எது பொய் எதுன்னு தெரியாமலா குடுப்பான்?”

அம்மாதான் மெதுவாக, “இன்னொரு இழை எடுத்துப் பார்த்துட்டுச் சொல்லலாமே” என்றாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் பரிசோதனை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது, அவள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். அப்பா தன் பரிசோதனைக்கூடத்தில் ஊடிலும் பாவிலும் பல இடத்தில் நூல் எடுக்காமல் ஒரு வரி எழுதமாட்டார். வீட்டில் என்னமோ கீழே கிடந்த ஒற்றை இழை அவருக்குப் போதுமாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார்.

“அது மடின்னா இவன் தொடப்படாது. மடி இல்லைன்னா அது எதுக்கு இந்த ஆத்துல? இதுல இன்னும் என்ன பார்க்கறது?”

அந்தக் கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. புடவை அன்று மத்தியானமே கொடியிலிருந்து இறங்கி, கொல்லை அறையில் பழைய துணி மூட்டைக்குள் போயிற்று.

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெரியம்மாவை மாடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, முதலில் நல்ல பட்டைக் காட்டினார். பிறகு அந்த அரக்கு இழையைக் காட்டினார். கோபத்தில் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன் என்று காட்டுவதற்காகத்தான். பெரியம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “ஹௌதா” என்றாள், அப்படியா என்று. கீழே இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தம்பி அப்படிப் பண்ணமாட்டான் என்று அவள் சொல்லி நான் கேட்கவில்லை. பெரியப்பாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

வைகாசியில் திவசம். அதற்கு முதல் நாள் மாமா எப்போதும் போலக் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் வாழையிலைக் கட்டு, பையில் வாழைக்காய், பாகற்காய். முற்றத்தில் கால் அலம்பிக்கொண்டிருந்தவரிடம் பெரியப்பா நின்றபடியே கேட்டார்.

“பட்டுன்னு சொல்லி எங்காத்துல என்னத்தைக் குடுத்தே?”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். “பட்டுதான் அத்திம்பேர். நான் கையால தடவிப் பார்த்து எடுத்தது.”

“நீ கையால பார்த்தே. இவன் மைக்ராஸ்கோப்புல பார்த்தான்.”

மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா நல்லவர், மாமாவுக்கு ஒரு வழி விடப் பார்த்தார். “இழை பட்டு இல்லை. உங்களை யாராவது ஏமாத்தியிருக்கலாம்.”

“புடவையில என்னை ஏமாத்த முடியாது. பொழுது விடிஞ்சா பொழுது போனா அதைத்தான் தொட்டுண்டிருக்கேன். நான் உங்களை ஏமாத்தினேன்னு வேணா சொல்லுங்கோ.”

“அதைத்தான் சொல்றேன்” என்றார் பெரியப்பா.

மாமா சமையலறை வாசலைப் பார்த்தார். பெரியம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். “அக்கா?” என்றார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா இலைக்கட்டைச் சுவரோரம் நிறுத்தி வைத்தார். காய்ப் பையை அதன் பக்கத்தில் வைத்தார். மாடிப்படியில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் போட்ட கடிதம் ஒன்றில் நான் என் நோட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்காகக் கடையிலிருந்து பட்டு நூல் துண்டுகளை நிறம் நிறமாகச் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். “ஒட்டி வெச்சுக்கோ” என்றார். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசல்படி இறங்கினார். கொள்ளேகால் பஸ் பதினொரு மணிக்குத்தான். அதுவரை பஸ் ஸ்டாண்டில் எங்கே உட்கார்ந்திருந்தாரோ.

மறுநாள் கீழே திவசம் நடந்துகொண்டிருந்தது. அடுப்பில் அம்மா நின்றாள். புரோகிதர் குரலும் எள்ளும் நெய்யும் வாழைக்காய்க் கறமதும் கலந்த வாசனையும் மாடிவரை வந்தன. நான் மாமா கொடுத்த நூல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பச்சை, மாம்பழ மஞ்சள், நீலம், எல்லாமே வழவழவென்று பட்டு. நோட்டில் அரக்குக்கு ஓர் இடம் விட்டிருந்தேன், பொட்டலத்தில் அரக்கு இல்லை. என் தையல் டப்பாவிலிருந்து ஓர் இழை எடுத்து வைத்தேன்.

கோடு கோடாக ஓடியது.

தக்கையில் கோக்கத் தெரியாது, கோக்கத் தேவையும் இல்லை. அப்பாவின் பெட்டியிலிருந்து அந்தப் பழைய ஸ்லைடை எடுத்து மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அதே நிறம், அதே கோடு. நான் இழுத்தது புடவையின் இழை அல்ல, எலிக்கடியை அடைத்த இழை. பூவேலை நூல்தான் பொய், புடவை பட்டேதான்.

மாடிப்படி பதினான்கு. இறங்கிப் போய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே யாராவது கொள்ளேகாலுக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். சொன்னால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மடிப் புடவையைத் தொட்டேன். எச்சிலோடு தொட்டேன். அப்பாவிடம் பொய் சொன்னேன். போதாததற்குப் பெரியம்மா தைத்த துணியைக் கட்டிக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும், அதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சாயந்திரம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயந்திரம் பெரியப்பா களைத்துப் படுத்திருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்படித்தான், வேறு ஒன்றுமில்லை. பெரிய பாவங்களுக்குப் பெரிய காரணங்கள் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு இருந்தது வெறும் பயம், அதற்குப் பிறகு சோம்பல், அதற்கும் பிறகு வெட்கம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் மைக்ராஸ்கோப் திரும்பிப் போய்விட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் ஒருநாள் வந்தாள். மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தவள், அரக்குப் புடவையைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, “ஒள்ளே ரேஷ்மே அல்வா அம்மா, யாகே கொடுத்தீரா?” என்றாள். நல்ல பட்டாயிற்றே, ஏன் கொடுக்கிறீர்கள் என்று. அம்மா உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, “தகொண்டு ஹோகம்மா, சும்னே”, பேசாமல் எடுத்துக்கொண்டு போ என்று அவள் வாயை அடக்கினாள். வழக்கமாக ஒரு டம்ளருக்கே அரைமணி நேரம் பேரம் பேசுகிறவள் அன்றைக்கு மூடியோடு ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கைக் கொடுத்துவிட்டு, நாங்கள் மனசு மாறுவதற்குள் கிளம்பினாள். அந்தத் தூக்கில் ரொம்ப வருஷம் எங்கள் வீட்டில் காப்பிப்பொடி இருந்தது.

ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. பெரியம்மா மறுபடி பருத்திக்குப் போனாள். நடையில் ஈரப் புடவை நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும். விடிகாலையில் அதையே கட்டிக்கொள்வாள். என் படுக்கைக்கு அவள் மூச்சு கேட்கும், இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. நான் போர்வையைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வேன். கௌரிப் பண்டிகைக்கு மாமா வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. கல்யாணம் கார்த்திகை என்று பத்திரிகை போகும், அங்கிருந்து ஒரு பதிலும் வராது. கடைசிவரை வரவே இல்லை.

அப்பா பரிசோதனைக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஒருநாள் போய்ச் சேர்ந்தார். தன் வாழ்க்கையில் ஒரு முடிவுகூடத் தப்பாக எழுதியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அவரிடமும் நான் சொல்லவில்லை. பெரியப்பா போனார். மாமா போன செய்தியும் வந்தது. பெரியம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள், பிறகு எழுந்து காய் நறுக்கப் போனாள். அழவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பெரியம்மா என்னோடுதான் இருக்கிறாள். எண்பத்து மூன்று வயது. போன மாதம் என் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் காட்டினேன். மடிப்புக்குள் ஓர் அட்டை இருந்தது. என்ன அது என்று கேட்டாள். சுத்தமான பட்டு என்று சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

“நல்லது. எழுதி வாங்கிக்கோ. மனுஷாளை நம்பப்படாது. என் கூடப் பொறந்தவனே எனக்கு எப்பேர்ப்பட்ட பட்டைக் குடுத்தான்னு பார்த்தேனே.”

ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள், பழகிப்போன வலியைச் சொல்வது மாதிரி. அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முக்காலி, தயிர்சாதம், எலிக்கடி, திவசத்தன்று மாடியில் பார்த்தது, எல்லாம். குழறிக் குழறித்தான் சொன்னேன்.

“அப்போ அது பட்டேதானா?”

“பட்டேதான் பெரியம்மா.”

“நீ குடுத்த நூலும் பட்டுன்னுதானே நினைச்சிண்டிருந்தேன். அதனால அது எனக்குத் தோணவே இல்லையே.” கொஞ்ச நேரம் புடவைக் கரையைத் தடவிக்கொண்டிருந்தாள். “உங்க பெரியப்பா சொன்னதை நான் நம்பலைடி. உங்கப்பா சொன்னதையும் நம்பலை. மாடில கூட்டிண்டு போய்க் காமிச்சாரே, என் கண்ணால பார்த்தேனே, கோடு கோடா. அதுக்கப்பறம்தான் நம்பினேன். அவன் வந்து நின்னு அக்கான்னு கூப்பிடறச்சே அவன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலை எனக்கு.”

நான் அந்த அட்டையைப் புடவை மடிப்புக்குள் திரும்பச் செருகினேன்.

“அவன் அன்னிக்குப் படியிறங்கிப் போனதும் லெட்டர் எழுதினேன். எனக்குக்கூடவாடா இப்படிப் பண்ணுவே, இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு. இன்லாண்டு லெட்டர். உன்கிட்டத்தான் குடுத்துத் தபால் பெட்டியில போடச் சொன்னேன்.”

நான் போட்டிருக்கிறேன். எனக்கு அது நினைவே இல்லை. வெயிலில் ஓடிப்போய், எம்பி, அந்தச் சிவப்புப் பெட்டியின் வாயில் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பேன். வீட்டில் எத்தனையோ கடிதம் அப்படிப் போட்டவள்தானே.

“அவன் பொண்ணு இருக்காளோல்லியோ, அவளுக்குப் போன் போடு” என்றாள் பெரியம்மா.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் நம்பர் இருந்தது. சாமராஜநகரில் பள்ளிக்கூட ஆசிரியை. நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பெரியம்மாவின் மடியில் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் உங்கப்பாவோட அக்கா பேசறேன். மைசூர்லேருந்து.”

“அத்தையா? அய்யோ, நமஸ்காரம் அத்தை! எப்படி இருக்கேள்?”

“அந்தப் புடவை பட்டுதான்மா. உங்கப்பா குடுத்தது பட்டேதான். எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதைச் சொல்லணும்னுதான்.”

“எந்தப் புடவை அத்தை?” என்றாள் அந்தப் பெண்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். “அப்பா ஒண்ணும் சொன்னதில்லையா? நான் எழுதினது? நீங்கள்ளாம் ஏன் இங்க வரதே இல்லைன்னு?”

“இல்லையே அத்தை. நாங்க கேக்கறச்சே எல்லாம், அக்காவுக்கு இழுப்பு, நாம கும்பலாப் போய் நின்னா அவதான் ஈரத்துணியோட நின்னு பொங்கிப் போடணும், தொந்தரவு பண்ணப்படாதுன்னுதான் சொல்லுவார். கடைசில ஆஸ்பத்திரில இருக்கறச்சே நான் உங்களுக்குச் சொல்லியனுப்பட்டுமான்னு கேட்டேன். மழைக்காலம், அவளை அலைக்கழிக்காதேன்னுட்டார்.”

பெரியம்மா போனை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள். நான் வாங்கிப் பேசட்டுமா என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று என் கையைத் தள்ளினாள்.

“ஆமாம்மா, எனக்கு இழுப்புதான்” என்றாள். “அதனாலதான் அவன் வரலை.”